ஊதாத விசில்

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நண்பகலில் தேரிமேட்டுப் பல்கலைக்கழக மைதானத்தில் ஓடத் தொடங்கிய கொம்பையா என்கிற மாணவன், அன்று சாயங்காலமும் ஓடினான், மறுநாளும் ஓடினான், ஐப்பசி மழையில் மைதானம் குளமானபோது தண்ணீரைச் சிதறிக்கொண்டு ஓடினான், தண்ணீர் வற்றிச் செம்மண் பறந்தபோது செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடினான், கிட்டத்தட்ட ஒரு மாமாங்கம் முடிகிறவரை சோறும் தூக்கமும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தான். இதில் வாய் பிளக்க ஒன்றுமில்லை. கால் இருக்கிறவன் ஓடுவான். ஓடினவனை எங்கள் ஊர் என்ன செய்தது என்று கேட்டால்தான் உங்களுக்குக் குமட்டும். குமட்டட்டும் என்றுதான் சொல்கிறேன். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் நான், மைதானத்தின் கம்பிவேலி என் கடையிலிருந்து கூப்பிடு தூரம்.

கோச் சாரிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெயர் சந்திரபோஸ். டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவரின் மகன். கிழிந்த பனியனோடு பந்து உதைத்தே மாவட்ட அணிவரைக்கும் போய், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்துப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தவர். வந்த அன்றைக்கே, ‘கூடைப்பந்துக்கு ஆள் போடுற வரைக்கும் அதையும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க’ என்றார்கள். ஆள் போடவே இல்லை. நம் ஊரில் ‘கொஞ்சம் பாத்துக்கிடுங்க’ என்று தலையில் கட்டிய எது என்றைக்கு இறங்கியிருக்கிறது? கூடைப்பந்தைக் கையால் தொட்டறியாத மனிதர் விதிப் புத்தகம் ஒன்றை வாங்கி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உருப்போட்டு, தன் கால்பந்துப் பையன்களையே கூடைப்பந்துக்கும் இறக்கினார். காலையில் தேரியின் செம்மணலில் காலால் ஆடியவர்கள் சாயங்காலம் சிமெண்டுத் தரையில் கையால் ஆடினார்கள். ‘காலும் கையும்தான்டா வேற, மூச்சு ஒண்ணுதான்’ என்பார்.

ஆரம்பத்தில் நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். கால் ஒடிந்த பையனைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டே போனதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் அவித்த முட்டையைத் தூக்குவாளியில் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுப்பார், கடைசிப் பையனுக்கு முட்டை இல்லையென்றால் தன் பங்கைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அந்தச் சந்திரபோஸ் எங்கே போனார் என்று தெரியவில்லை. நானும் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன்.

அவருடைய விசில் பித்தளை விசில், கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்கும். வெட்டினாற்போல் மூன்று ஊதினால் ஓடு, நீட்டமாக ஒன்று ஊதினால் நில். அந்த மைதானத்திலேயே என்.சி.சி.காரர்களும் பயிற்சிப் போலீஸ்காரர்களும் ஆளாளுக்கு ஒரு விசிலை வைத்துக்கொண்டு ஊதித் தள்ளுவார்கள் என்பதால், அடுத்தவன் விசிலுக்குக் காது கொடுக்கிற பையனைத் தவளைப் பாய்ச்சலில் மைதானத்தைச் சுற்ற வைப்பார். அப்படிப் பழக்கிப் பழக்கி, அவருடைய மூச்சில் ஊதின விசிலைத் தவிர வேறு எதுவும் அந்தப் பையன்களின் காதில் ஏறாமல் போயிற்று. அந்தப் பழக்கம்தான் பின்னால் வினையாக முடிந்தது.

முதல் கோப்பை வந்தபோது அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பார்களே, பொன்னாடை ருசி கண்ட தோளும் அப்படித்தான். அடுத்த கோப்பை, அடுத்த பொன்னாடை, அடுத்த மேடை. தூக்குவாளி வீட்டிலேயே தங்கிவிட்டது. தோற்ற பையனைப் பார்க்கும்போது கோச் சாரின் முகத்தில், தட்டில் மயிர் கிடந்ததைப் பார்த்தவன் முகம் வரத் தொடங்கியது.

கொம்பையா உப்பளத்துப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா மாடத்தி தூத்துக்குடிப் பக்கம் உப்பு வாருகிறவள். காலையில் இடப்பக்கத்தில் பந்தை வெட்டிக்கொண்டு போனானென்றால் பின்னால் வருகிறவன் தேரி மணலைத்தான் தின்பான். அவனையும் சாயங்காலம் கூடைப்பந்துக்கு இறக்கினார் கோச் சார். மண்டல இறுதி ஆட்டம், துணைவேந்தர் முன்வரிசையில் இருக்கிறார், ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம், மணி அடிக்கப்போகிறது. எதிராளி தரையோடு தட்டிவிட்ட பந்து கொம்பையாவின் பக்கமாகப் போயிற்று. கை நீட்ட வேண்டியவன் காலை நீட்டினான். பழகிய கால், அது பாட்டுக்குப் பந்தை நிறுத்திவிட்டது, அழகாகவும் நிறுத்திவிட்டது. கூடைப்பந்தில் காலால் தடுத்தால் பந்து எதிராளிக்கு. அவன் எடுத்துப் போட்டான், கூடையில் விழுந்தது, மணி அடித்தது. அரங்கமே சிரித்தது. துணைவேந்தர் சிரித்ததுதான் கோச் சாருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் அவனை மைதானத்தில் நிறுத்தினார். ‘ஒனக்குக் கால்தான முக்கியம்? ஓடு. நான் ஊதுற வரைக்கும் நின்னே, தொலைச்சிருவேன்’ என்று சொல்லி வெட்டினாற்போல் மூன்று ஊதினார். அவன் ஓடினான். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்தது. இரண்டாம் இடம் வாங்கித் தந்ததற்காக லாரி உரிமையாளர்கள் கல்யாண மண்டபத்தில் பாராட்டு வைத்திருந்தார்களாம், மறந்துவிட்டீர்களே சார் என்று கையோடு அள்ளிக்கொண்டு போனார்கள். பொன்னாடை, பேச்சு, மட்டன் பிரியாணி, தயிர்ப் பச்சடி. தின்ற களைப்பில் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் அடுத்த நாள் விடிந்துதான் எழுந்தார். வெயிலில் ஒருவனை ஓடவிட்டு வந்த நினைப்பு அவருக்குப் பல் தேய்க்கும்போதுதான் வந்தது.

வேர்க்க விறுவிறுக்க மைதானத்துக்கு வந்தார். கொம்பையா ஓடிக்கொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம். என்.சி.சி.காரர்கள் ஊதிப் பார்த்துவிட்டார்கள், போலீஸ்காரர் ஊதிப் பார்த்துவிட்டார், அவன் காதில் ஏறவில்லை. நான்கு பேர் மறித்துப் பிடித்தார்கள், ஓடுகிற ரயிலைப் பிடித்தது போல ஆளுக்கொரு பக்கம் உருண்டார்கள். கோச் சாரின் கை விசிலுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அப்போது பதிவாளர் கேட்டார், ‘யாருவே இவனை இப்படி ஓடவிட்டது?’ கை பாதியிலேயே நின்றுவிட்டது. விசில் சட்டைக்குள் போயிற்று. ‘யாரும் விடல சார். அவனா ஓடுதான். தோத்த ரோஷம். டெடிகேஷன் சார், டெடிகேஷன்!’ என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் என்று சொல்லலாம்தான், ஆனால் இங்கே இலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்தல்லவா சோற்றை அள்ளிப் போட்டு மூடினார்கள்! பதிவாளர் கண் கலங்கினார். ‘இப்படி ஒரு சிஷ்யனா!’ என்று கோச் சாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் பழகிக்கொண்டது. முதலில் பயந்து எலுமிச்சம்பழம் அறுத்து மைதானத்து மூலைகளில் வைத்தார்கள். பிறகு, காலை நடைப்பயிற்சிச் சங்கத்துப் பெரிய மனிதர்கள், பையன் போகிற வேகம் நிதானமாக இருக்கிறது, கூட நடந்தால் சர்க்கரை குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டை அவன் காற்றுப் படுகிற தூரத்தில் நீட்டினார்கள், பாஸானவன் தேங்காய் உடைத்தான், ஃபெயிலானவன் பக்தி போதவில்லை என்று தன்னையே நொந்துகொண்டான். முழங்கால் வலிக்காரர்கள் அவன் காலடி மண்ணைக் குழைத்துப் பூசினார்கள். அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி விற்க ஒருவன் வந்தான், அவன் பக்கத்தில் சுண்டல்காரன் வந்தான். பல்கலைக்கழகம் அவன் படத்தைச் சேர்க்கை விளம்பரத்தில் போட்டு ‘இங்கே முயற்சி நிற்பதில்லை’ என்று எழுதியது. தரம் பார்க்க டெல்லியிலிருந்து வந்த குழுவினர் கம்பிவேலிக்கு வெளியே நாற்காலி போட்டு முந்திரிப்பருப்பு தின்றபடி அவனைப் பார்த்துவிட்டு, விளையாட்டு வசதிக்கு முழு மதிப்பெண் போட்டுப் போனார்கள். வெயிலில் வெந்து, உதடு வெடித்து, கண்ணில் வேர்வை இறங்கித் துடைக்கக்கூட நேரமில்லாமல் ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே முந்திரிப்பருப்பு இறங்குகிற தொண்டை என்ன தொண்டையோ! த்தூ.

செய்தி கேட்டு மாடத்தி வந்தாள். உப்பு அரித்த பாதங்களோடு அவன் கூடவே கொஞ்சதூரம் ஓடினாள், மூச்சு வாங்கி நின்றாள். பிறகு வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள். மகன் சுற்றிவரும்போது இரண்டு வார்த்தை பேசுவான், அடுத்த வார்த்தைக்கு அவள் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும்.

‘எம்மா’ என்பான். போய்விடுவான்.

‘சாரு வரலியா?’ என்பான். போய்விடுவான்.

‘விசில் கேக்கலியே எம்மா.’

‘வருவாவ ராசா, வருவாவ’ என்று அவன் முதுகுக்குப் பின்னால் சொல்லுவாள். வேறு என்ன சொல்லுவாள்? ஓடச் சொன்னவரே இல்லை என்கிறார் என்று பெற்றவள் வாயால் சொல்ல முடியுமா? வேறு யாராவது சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். அவன் காது சாருடைய காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடத்தி கோச் சாரின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

‘ஐயா, எம்பிள்ளைய ஓடச் சொன்னிய. நில்லுன்னு ஒரே ஒரு ஊது ஊதிருங்க. நான் கூட்டிட்டுப் போயிருதேன். ஒருத்தர்ட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.’

‘ஏம்மா, நான் எங்க ஓடச் சொன்னேன்? அவனா ஓடுதான். ஒம்பிள்ளையால ஊருக்கே பேரு. பெத்தவ நீயே அதைக் கெடுக்கலாமா?’

‘பேரு எனக்கு வேண்டாங்கய்யா. அவன் உக்காரணும்.’

உள்ளே தோசைக் கரண்டியோடு நின்ற அவர் மனைவி சொன்னாள், ‘ஒரு ஊதுதான, ஊதித் தொலைங்களேன். பாவம் பிடிச்சு ஆட்டும்.’

‘இன்னைக்கு ஊதினா, நேத்து ஏன் ஊதலன்னு கேப்பானுவ’ என்றார் சந்திரபோஸ், சட்னியை வழித்தபடி.

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் ஊர் மொத்தமும் அடங்கியிருக்கிறது. நாள் ஏற ஏற ஊதுவது கனத்தது. ஒரு நாள் தாமதத்தை மறதி என்று சொல்லியிருக்கலாம், ஒரு வருஷத்தை என்னவென்று சொல்வது?

மாடத்தி விடவில்லை. மனு மேல் மனு கொடுத்ததில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டார்கள். குழுவோடு ஒரு டாக்டரும் வந்தார். ஸ்டெதஸ்கோப்பை நீட்டிக்கொண்டு கொம்பையாவின் கூடவே கொஞ்சதூரம் ஓடி, மூச்சிரைத்து உட்கார்ந்து, சோடா குடித்தபின், ‘இப்போ நின்னான்னா இதயமும் நின்னுரும்’ என்றார். அவ்வளவுதான், ஊருக்கு அல்வா கிடைத்தது போல் ஆயிற்று. அன்றிலிருந்து மாடத்தி மகனைக் கொல்லப் பார்க்கிறவள். பொட்டலக்காரன் அவளைப் பார்த்து, ‘ஏ ஆத்தா, பெத்த பிள்ளை சாவணும்னு கேக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?’ என்றான். மண்ணை விற்கிறவன் கேட்கிறான்! அவள் அவனை ஏறிட்டுப் பார்த்து, ‘செத்தாலும் எம்மடில உக்காந்து சாவட்டும்’ என்றாள்.

கோச் சார் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வருவதே இல்லை. விசிலைப் பொன்னாடைகள் அடுக்கிய பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளரங்கத்தில் கையைத் தட்டித் தட்டிக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தார். கைதட்டலுக்கு எவன் ஓடுவான்? கால்பந்தும் போயிற்று, கூடைப்பந்தும் போயிற்று, கோப்பை என்ற பேச்சே இல்லை. ஆனால் அவர் மட்டும் ஏறிக்கொண்டே போனார். உடற்கல்வி இயக்குநர் ஆனார், சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார், ஊர் ஊராகப் போய் ‘ஒழுக்கம்’ என்ற தலைப்பில் பேசினார். ஒரு சிஷ்யனை நிற்காமல் ஓட வைத்தவர் என்றால் சும்மாவா? தொந்தி விழுந்தது, கன்னம் தொங்கியது. பீரோவில் இடமில்லாமல் போன பொன்னாடைகளில் அவர் வீட்டம்மா மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டாள்.

ஒருவழியாக அவர் ஓய்வுபெறுகிற நாள் வந்தது. விழாவை மைதானத்திலேயே வைக்க வேண்டும், பின்னணியில் கொம்பையா ஓட வேண்டும், அமைச்சர் வருகிறார், படம் நன்றாக விழும் என்றார் துணைவேந்தர். அவர் புதிதாக வந்தவர், மூளையில் மட்டும் பழையவர். நடுவில் மேடை போட்டார்கள். கூட்டம் சுற்றிலும் உட்காரும் என்பதால், ஓடுகிற பாதையை ஒட்டி மூங்கில் நட்டு, வட்டமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். காலையிலிருந்தே மாடத்தி வேலியோரம் உட்கார்ந்து அவர்கள் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்செட்காரன் ‘அலோ, அலோ’ என்று சோதித்தபோது எழுந்து பாதை ஓரமாக நடந்து, எல்லா மூலையிலும் சத்தம் கேட்கிறதா என்று நின்று நின்று கேட்டாள். நான் கடையிலிருந்து பார்த்துவிட்டு, கிழவிக்குப் பொழுது போகவில்லை போல என்றுதான் நினைத்தேன்.

பழைய பித்தளை விசிலைப் பீரோவிலிருந்து எடுத்துத் தங்கமுலாம் பூசி, மாலையோடு மாலையாகக் கோச் சாரின் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். ‘இந்த மைதானமே என் உசுரு’ என்று அவர் மைக்கில் பேச ஆரம்பித்ததும் மாடத்தி மேடையை நோக்கி நடந்தாள். தொண்டர்கள் மறித்தார்கள். கேமராக்கள் திரும்புவதைப் பார்த்த துணைவேந்தர், ‘தாயை விடுங்க, தாயை விடுங்க’ என்று மேடைக்கு அழைத்து அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார். அவள் அதை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள். கோச் சாரின் முகம் சுருங்கியது. ஊதுங்க என்று அத்தனை பேர் முன்னால் கேட்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார்.

அவள் அதைக் கேட்கவில்லை.

‘ஐயா, எம்பிள்ளைய ஓடச் சொன்னது ஆரு?’ என்றாள்.

இவ்வளவுதானா என்று அவருக்கு உயிர் வந்தது. இத்தனை வருஷமாக மேடைக்கு மேடை சொல்லிப் பழகிய பதில் அல்லவா? சிரித்துக்கொண்டே மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் வைத்துச் சொன்னார், ‘யாரும் சொல்லலம்மா! நான் சொல்லவே இல்ல. அவனா ஓடுதான், அதுதான் அவன் பெருமை!’

கூட்டம் கை தட்டியது. அந்தக் குரல் அத்தனை குழாய் ஸ்பீக்கரிலும் புறப்பட்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தூரத்து வளைவில் ஒரு ஸ்பீக்கருக்கு நேர் கீழே ஓடிக்கொண்டிருந்த கொம்பையா அதைக் கேட்டான். சாருடைய குரல். அவன் நம்புகிற ஒரே குரல். ஓட்டம் நடையாயிற்று. நடை தள்ளாடியது. பிறகு நின்றான்.

அவன் கூடவே இத்தனை வருஷம் ஓடிவந்த புழுதி கொஞ்சம் முன்னால் போய் அடங்கியது. கைதட்டல் ஓய்ந்துபோயிற்று. நின்ற இடத்திலேயே அவன் கால் மடக்கி உட்கார்ந்தான். ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் அவனைப் பிடிக்க முடியாமல் பின்தங்கியிருந்த வருஷங்களெல்லாம் இப்போது வந்து சேர்ந்துகொண்டன. தலை நரைத்தது, கன்னம் ஒட்டியது, தாடி மார்புவரை இறங்கியது. மாடத்தி மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அம்மாவும் மகனும் அக்காவும் தம்பியும் போலிருந்தார்கள். டாக்டர் சொன்ன இதயம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இதைப் பார்த்தாவது இந்த ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? ‘ஏல, எந்திரில! ஓடுல!’ என்று ஒருவன் ஆரம்பித்தான். ‘எங்க நேர்ச்சை என்னாவுறது?’ என்று கற்பூரத்தட்டோடு ஒருத்தி கத்தினாள். சர்க்கரைக்காரர்கள் கத்தினார்கள், சுண்டல்காரன் கத்தினான். அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துணைவேந்தர் கோச் சாரின் காதில், ‘போஸ், ஏதாவது பண்ணும்வே, மானம் போகுது’ என்றார்.

சந்திரபோஸ் கழுத்து மாலைகளுக்குள் கையைவிட்டு விசிலை எடுத்தார். ஒரு மாமாங்கமாக ஊதாத விசிலை, ஒரு தாய் வாசலில் நின்று கெஞ்சியும் ஊதாத விசிலை, மைக்குக்கு நேராக வைத்து ஊதினார். நீட்டமாக ஒன்று அல்ல. வெட்டினாற்போல் மூன்று. ஓடு!

கொம்பையா தலை நிமிர்ந்து பார்த்தான். வலதுகால் கட்டைவிரல் துடித்தது. மாடத்தி அந்தக் காலின்மேல் கையை வைத்தாள். உப்பில் வெந்த கை.

‘எம்மா’ என்றான். இந்த முறை அவன் எங்கும் போய்விடவில்லை, பக்கத்திலேயே இருந்தான். ‘கால் வலிக்கும்மா.’

மேடையில் அவர் ஊதிக்கொண்டே இருந்தார். மூன்று மூன்றாக ஊதினார், மூச்சு முட்ட ஊதினார், எச்சில் வழிந்து புதுப் பொன்னாடையில் இறங்கியது, தங்கமுலாம் உதட்டில் ஒட்டி மினுங்கியது. நான் எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்திருக்கிறேன். சாக்கடை அடைத்துக் கடைக்குள் வந்த நாட்களுண்டு. அந்த மேடையைப் பார்த்து வந்த குமட்டல் அந்தச் சாக்கடை நாட்களில்கூட எனக்கு வந்ததில்லை.

இப்போது அந்த இடத்தில் ஓடுகிற கோலத்தில் சிமெண்டுச் சிலை வைத்திருக்கிறார்கள். திறந்து வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் பழையபடி உடைகிறது, காலடி மண் இல்லாததால் சிலையைச் சுரண்டிப் பொட்டலம் கட்டுகிறார்கள்.

அம்மாவும் மகனுமோ அன்றைக்கே போய்விட்டார்கள். கூட்டம் சாமானையும் சண்டையையும் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மாடத்தி மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் கடை வாசல் நிறுத்தத்துக்கு வந்தாள். ஒருவரும் கூட வரவில்லை. தூத்துக்குடி பஸ் வந்தது. முன்பக்கம் ஏறி, அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவன் பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். மாடத்தி திடுக்கிட்டு மகனைப் பார்த்தாள். பஸ் ஓடத் தொடங்கியது. அவன் உட்கார்ந்திருந்தான்.